கற்பனை மக்களுக்கு ஒரு பாரம்பரிய இனிப்பு: வேலூர்க் கரட்டு நிலத்தில் எது பொருந்தும், எப்படிச் செய்வது?

உங்கள் கேள்வி இது. வேலூரைச் சுற்றியுள்ள கரடுகளையும் பாலாற்றையும் மாதிரியாக வைத்து ஒரு கற்பனைக் கதை எழுதுகிறீர்கள். கதையில் வரும் மக்களுக்குக் 'கரட்டார்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பாறைச் சரிவில் குடியிருப்பு, ஆடு மேய்ப்பு, மானாவாரிச் சாகுபடி, மாதம் ஒரு சந்தை, அரசன் கிடையாது, காலம் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன். அவர்களுக்குத் திருவிழா இனிப்பு ஒன்று வேண்டும், படிப்பவர்கள் அதை வீட்டில் செய்தும் பார்க்க வேண்டும். முதல் வரைவில் முந்திரி, ஏலக்காய், குங்குமப்பூ போட்ட பால் இனிப்பு ஒன்றை எழுதிவிட்டு, அது கதையோடு ஏன் ஒட்டவில்லை என்று கேட்கிறீர்கள்.

அது அரண்மனை இனிப்பு, அதனால்தான் ஒட்டவில்லை. நம்மூர் ஆற்காட்டு மக்கன் பேடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவா, மைதா, நெய், உள்ளே பருப்பும் உலர்பழமும், மேலே சர்க்கரைப் பாகு. பாலைச் சுண்டக் காய்ச்ச நாள் முழுக்க விறகும் ஆளும் வேண்டும், உலர்பழம் கொண்டுவர வியாபாரி வேண்டும். 18-ம் நூற்றாண்டில் நவாபின் தலைநகராக இருந்த ஊருக்கு அது பொருந்தும். ஆடு மேய்க்கிற கரட்டாருக்கு எங்கிருந்து வரும்?

முதலில் வரைவில் களை எடுத்துவிடலாம். முந்திரி பிரேசில் நாட்டு மரம், போர்த்துகீசியர் கொண்டுவந்தது. 800 ஆண்டுக்கு முந்தைய கதையில் அது வரவே கூடாது. நிலக்கடலை, மிளகாய், மக்காச்சோளம், மரவள்ளி, பப்பாளி, கொய்யா, அன்னாசி எல்லாம் அப்படித்தான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இதில் பலரும் வழுக்கி விழுகிற இடம் சீத்தாப்பழம். வேலூர் மலைச் சரிவுகளில் தானாக முளைத்து நிற்பதால் ஆதிகாலத்து மரம் என்று தோன்றும். அதுவும் அந்தக் கூட்டம்தான். ஏலக்காய் நம் நாட்டுப் பொருளே, ஆனால் அது மேற்கு மலைத்தொடரின் ஈரக்காட்டில் விளைவது. கரட்டார் வீட்டில் ஏலக்காய் இருந்தால் அது சந்தையில் ஆட்டை விற்று வாங்கியதாக இருக்கும். ஒரு பணக்கார வீட்டைக் காட்ட அதை வைத்துக்கொள்ளுங்கள், பொது வழக்கமாக வேண்டாம்.

பாலும் நெய்யும் தனிச் சிக்கல். ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் மிகச் சிறியவை. பாலை அப்படியே வைத்தால் பசும்பாலில் படிகிற மாதிரி மேலே ஆடை திரளாது, வெண்ணெய் எடுப்பதும் சிரமம். மாடு இல்லாத மக்களிடம் நெய் ஆறாக ஓடாது. கரட்டாரின் கொழுப்பு எள்ளிலிருந்துதான் வர வேண்டும். எள் நம் மண்ணில் மிகப் பழைய பயிர், மானாவாரியாகவும் வரும்.

அடுத்து இனிப்பு. இதுதான் முதல் முடிச்சு. கரும்புக்குத் தொடர்ந்து தண்ணீர் கிடைத்தாக வேண்டும். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஆறு. 2021 நவம்பரில் வந்த மாதிரி வெள்ளம் எப்போதோ வரும், மற்ற காலத்தில் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். ஆகவே கரும்பு இல்லை, வெல்லம் இல்லை. மிச்சம் மூன்று: பனை, மலைத்தேன், இலுப்பைப் பூ. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை" என்று சும்மா சொல்லவில்லை. காய்ந்த இலுப்பைப் பூவின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அதையே பிரதானமாக வைத்துக்கொள்ளுங்கள். பனையை எல்லாரும் எழுதியாயிற்று.

தானியத்துக்குச் சாமை. ஜவ்வாது மலையில் இன்றும் விளைகிறது.  சாமையின் உமி எளிதில் விடாது. உரலில் இட்டுப் பெண்கள் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். தினம் செய்கிற பண்டமாக இல்லாமல் விழாவுக்கு மட்டும் செய்வதாக எழுத அந்த உடலுழைப்பே போதுமான காரணம்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கதைக்கு மிகவும் உதவப்போகிற ஒரு விஷயம். இலுப்பைப் பூ உதிர்வது பங்குனி, சித்திரையில். சாமையை ஆடியில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை வாக்கில்தான் கதிர் வீட்டுக்கு வரும். புதுப் பூவும் புதுத் தானியமும் ஒருநாளும் சந்திக்காது. ஆகவே பூவைக் கோடையிலேயே காயவைத்துப் பானையில் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, ஆறேழு மாதம் காப்பாற்றியாக வேண்டும். புதுச் சாமை வந்த அன்று பானை உடைப்பதுதான் உங்கள் திருவிழா. தேதியை நீங்கள் தேட வேண்டியதில்லை, நிலமே கொடுத்துவிட்டது. சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டால் தரையில் கிடக்கும் பூ அழுகும், காயப்போட்டது பூசணம் பிடிக்கும். அந்த வருடம் யார் வீட்டுப் பானையில் பூ இருக்கிறது என்பதே ஊரில் பெரிய பேச்சாகிவிடும்.

பூ எடுக்கிற விதமும் கதைக்குத் தீனி. பூ இரவிலும் விடியலுக்கு முன்னும் உதிரும், வெயில் ஏறுவதற்குள் பொறுக்க வேண்டும். உதிர்வது சதைப்பற்றான அல்லியும் அதனுள் ஒட்டிய மகரந்தத் தாள்களும்தான். சூல்பை மரத்திலேயே நிற்கும், காய் பிடிப்பது பாதிக்காது. பூவையும் எடுக்கலாம், பிறகு கொட்டை பொறுக்கி விளக்குக்கு எண்ணெயும் ஆட்டலாம். மரம் ஒருவருக்கு, உதிர்ந்த பூ பொறுக்கியவருக்கு என்று ஒரு வழக்கம் வைத்தால் சண்டைக்குப் பஞ்சமிருக்காது. கரடிக்கும் இந்தப் பூ மேல் கொள்ளை ஆசை. இருட்டில் மரத்தடிக்குத் தனியாகப் போவது விளையாட்டுக் காரியம் இல்லை.

இப்போது செய்முறை. இலையில் கட்டி ஆவியில் வேகவைப்பதால் 'பூக்கட்டு' என்று வைத்திருக்கிறேன், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். கீழே உள்ள அளவுக்குப் பன்னிரண்டு கட்டு வரும்.

சாமை அரிசி 200 கிராம்
காய்ந்த இலுப்பைப் பூ 100 கிராம் (நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள்)
கறுப்பு எள் 50 கிராம்
நன்னாரி வேர் 5 கிராம்
நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி
தேன் 3 மேசைக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை
மந்தாரை இலை 12, கட்ட வாழைநார்

பூவை வாங்கும்போதே மோந்து பாருங்கள். காய்ந்த திராட்சையும் லேசான கள்வாடையும் கலந்த மாதிரி இருந்தால் சரி. புளித்த வாடை மூக்கில் அடித்தால் ஈரம் பட்டு நொதித்துவிட்டது என்று அர்த்தம், வேண்டாம். வீட்டில் பூவை ஒவ்வொன்றாகப் பிளந்து உள்ளிருக்கும் தாள்களை உதறி எடுக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் இதைத் தவிர்த்தால் கசப்பு நிச்சயம். பிறகு மணல் போக இரண்டு முறை சட்டென்று அலசினால் போதும். நிறைய நீரில் ஊறப்போட்டு அந்த நீரைக் கொட்டினால் சர்க்கரையும் அதோடு போய்விடும்.

அலசிய பூவை 600 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, அதே நீரோடு சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அடுப்பை அணைத்ததும், நடுவிலிருக்கும் வெள்ளைத் தண்டை நீக்கித் தட்டிய நன்னாரியைப் போட்டு மூடுங்கள். நன்னாரியைக் கொதிக்கவிட்டால் வாசனை ஆவியோடு பறந்துவிடும். பத்து நிமிடம் கழித்து வேரை எடுத்துவிட்டு, பூவை மத்தால் மசித்துத் துணியில் வடித்துப் பிழியுங்கள். 420 மில்லி அளவுக்குப் பழுப்புச் சாறு கிடைக்கும், குறைந்தால் வெந்நீர் சேர்த்துச் சரிக்கட்டலாம். சக்கையில் ஒரு கைப்பிடி, சுமார் 60 கிராம், பூரணத்துக்கு எடுத்து வையுங்கள். மீதி ஆட்டுக்கு.

முந்தின ராத்திரியே ஊறப்போட்டு வைப்போம் என்று நினைக்காதீர்கள். வேலூர் வெயிலில் விடிவதற்குள் நுரை கட்டிவிடும். இந்தப் பூவில்தான் சாராயமே காய்ச்சுகிறார்கள்.

சாமையை வெறும் சட்டியில் மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் வறுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொரிந்து, வறுத்த வாசனை வந்ததும் இறக்கி ஆறவிட்டு, திருகையிலோ மிக்ஸியிலோ ரவையாக உடையுங்கள். மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும், ஒரே ஓட்டாக ஓடவிட்டால் மாவாகிவிடும். உடைத்ததைச் சலித்து நைஸ் மாவைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், கை ஒட்டினால் தொட்டுக்கொள்ள உதவும்.

சாற்றில் உப்பும் எண்ணெயும் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கும்போது ரவையைத் தூவிக் கிளறுங்கள். நீர் வற்றத் தொடங்கியதும் தீயைக் குறைத்து மூடி ஏழெட்டு நிமிடம். பிறகு அணைத்துவிட்டு, மூடி திறக்காமல் பத்து நிமிடம். கடைசிப் பத்து நிமிடம்தான் உயிர். சாமையில் கோதுமைக்கு உள்ள பசைப்புரதம் கிடையாது. மாவைப் பிடித்துவைப்பது வெந்து பசையான மாச்சத்து மட்டுமே. வெளியே வெந்து உள்ளே வேகாத ரவைக்குள் ஈரம் மெல்லப் போய்ச் சேர அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டால் பிடிக்கும்போது உருண்டை நிற்கும், வேகும்போது பொலபொலவென்று உதிரும்.

எள்ளைக் கழுவி, வடித்து, ஈரம் போக வறுங்கள். முதல் ஓசை கேட்டு, சடசடப்பு அடங்கத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும். கறுப்பு எள்ளில் நிறம் பார்த்துப் பதம் கண்டுபிடிக்க முடியாது, காதைத்தான் நம்ப வேண்டும். சட்டியின் சூட்டிலேயே கருகும் என்பதால் உடனே தட்டில் கொட்டுங்கள். ஆறியதும் எடுத்துவைத்த சக்கையோடு உரலில் இடித்தால் எள்ளின் எண்ணெயும் பூவின் பசையும் சேர்ந்து தானாக உருண்டை பிடிக்கும். மிக்ஸி என்றால் எள்ளை மட்டும் ஒன்றிரண்டாகப் பொடித்துக் கையால் பிசையுங்கள். சக்கையோடு ஓட்டினால் களிம்பாகிவிடும்.

மாவு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே எலுமிச்சை அளவு எடுத்துக் கிண்ணமாகச் செய்து, சின்ன நெல்லிக்காய் அளவு பூரணம் வைத்து மூடுங்கள். ஆறிவிட்டால் ஓரம் வெடிக்கும், அப்போது வெந்நீர் தெளித்துப் பிசைந்தால் சரியாகும். காய்ந்த மந்தாரை இலையைக் கால் மணி நேரம் நீரில் போட்டு வளையும் பதத்துக்குக் கொண்டுவந்து, உள்பக்கம் எண்ணெய் தடவி மடித்து நாரால் கட்டுங்கள். கரட்டார் மண்பானையில் கொஞ்சம் நீர் ஊற்றி மேலே குச்சிகளும் சாமை வைக்கோலும் பரப்பி அதன் மேல் அடுக்குவார்கள். உங்கள் வாசகருக்கு இட்லிப் பானை. நீர் கொதித்த பிறகு வைத்து 12 முதல் 15 நிமிடம். எடுத்ததும் ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பிரியுங்கள், சுடச்சுடப் பிரித்தால் மேல்தோல் இலையோடு போய்விடும். தேனைக் கடைசியில், வெதுவெதுப்பாக இருக்கும்போது விட வேண்டும். வேகவைக்கும் முன் சேர்த்தால் இனிப்பு இருக்கும், தேனின் மணம் இருக்காது.

பிழை எங்கே வரும் என்பதில் கசப்பைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கு வழியில் வரும், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி கசக்கும். பூவின் தாள்கள் நாக்கில் துவர்ப்போடு கசக்கும். கருகிய எள் விழுங்கிய பிறகு தொண்டையில் கசக்கும். பூவை அடிபிடிக்க விட்டால் தீய்ந்த சர்க்கரைக் கசப்பு. நான்காவது பழைய சாமை. சாமையின் தவிட்டில் கொழுப்பு உண்டு, உடைத்த ரவையை வாரக்கணக்கில் வைத்தால் காறிப்போகும், அந்த வாடையை எந்தத் தேனாலும் மறைக்க முடியாது. அன்றன்றைக்கு உடைத்துக்கொள்வதுதான் வழி.

கட்டு களி மாதிரி கொழகொழத்தால் மாவு நைஸாகிவிட்டது, அல்லது சாறு அதிகம். சாமைக்குப் பதில் தினை போடலாம், கொஞ்சம் வறண்டு வரும், 30 மில்லி சாறு கூடுதலாக விடுங்கள். குதிரைவாலி சீக்கிரம் குழையும், 30 மில்லி குறையுங்கள். இலுப்பை எண்ணெயைச் சேர்த்தால் கதைக்குப் பொருத்தமாக இருக்குமே என்று தோன்றலாம். நம் பக்கம் அது விளக்கெரிக்கவும் மருந்துக்கும்தான், வாசகரைச் சமைக்கச் சொல்லாதீர்கள்.

இனிப்பு மட்டாகத்தான் இருக்கும், கடை லட்டு தின்று பழகிய நாக்குக்கு உறைக்காது. அதைச் சரிசெய்கிறேன் என்று கதைக்குள் போய் இனிப்பைக் கூட்டாதீர்கள். தித்திப்பு வருடத்துக்குச் சில நாள் மட்டும் கிடைக்கும் மக்களுக்கு இதுவே அதிகம். வீட்டில் செய்கிறவர் வேண்டுமானால் சாற்றில் 50 கிராம் கருப்பட்டி கரைத்து வடிகட்டிக்கொள்ளட்டும்.

ஈரப்பண்டம் என்பதால் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. மறுநாள் பிரித்தால் நூல் விடும். உங்கள் கதையில் மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி இந்த இனிப்பை மடியில் கட்டிக்கொண்டு ஒன்பது நாள் நடக்கிறாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். பூக்கட்டை எடுத்துப் போனால் மறுநாளே எறிய வேண்டியதுதான். வழிநடைக்கு உலர் உருண்டை வையுங்கள்: வறுத்த சாமை மாவு 100 கிராம், வறுத்த எள் 100 கிராம், தாள் நீக்கி, அலசாமல், துணியில் துடைத்து வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பூ 100 கிராம். மூன்றையும் உரலில் இடித்துக்கொண்டே இருந்தால் எள் எண்ணெய் கக்கிப் பிடிபடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேரக் கூடாது. ஈரம் இல்லாததால் பத்துப் பதினைந்து நாள் தாராளமாக வரும். இன்றைக்குச் செய்கிறவர்கள் பூவில் மணல் இல்லாமல் பார்த்து வாங்க வேண்டும், அலச வழியில்லை அல்லவா.

பாரம்பரியம் என்று நம்பவைக்க ஒரே ஒரு செய்முறை போதாது, வீட்டுக்கு வீடு வித்தியாசமும் அதைப் பற்றிய வாக்குவாதமும் வேண்டும். நம்மூரில் அதிரசப் பாகை எந்தப் பதத்தில் இறக்குவது என்று மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன வீடு எது? மேல்கரட்டார் தேனை மேலே விடுவார்கள், பாறைத் தேனடை அவர்கள் பக்கம். கீழ்க்கரட்டார் பூரணத்தில் கருப்பட்டி வைப்பார்கள், பனை அவர்கள் பக்கம். ஒருவர் செய்வதை மற்றவர் பூக்கட்டே இல்லை என்பார்கள். எண்ணிக்கைக்கும் ஒரு விதி வைக்கலாம். கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் எண்ணி வைப்பது நம் பக்கம் தெரிந்த விஷயம். கரட்டார் அந்த வருடம் ஒரு வீட்டுக்குக் கிடைத்த பூவைப் பொறுத்துக் கட்டு எண்ணிக்கையை ஊர்ப்பெரியவர் முன்னால் சொல்ல வேண்டும் என்றால், பொய் சொல்கிற வீடு எது என்று கதை தானே நகரும்.

உங்கள் வரைவில் பிறந்த குழந்தையின் நாக்கில் இந்த இனிப்பைத் தடவும் சடங்கு இருக்கிறது. கதைக்குள் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் செய்முறையைப் பின்னிணைப்பாகப் போடும்போது ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று தெளிவாக எழுதிவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். பழக்கப்பட்ட சடங்கு மாதிரி இருப்பதாலேயே யாராவது செய்துபார்த்துவிடுவார்கள்.

இலுப்பைப் பூ கிடைக்காத வாசகருக்கு மாற்று: கருப்பட்டி 50 கிராம், கறுப்பு உலர்திராட்சை 30 கிராம். இரண்டையும் 450 மில்லி நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு மசித்து வடித்தால் சாறு ரெடி. பூரணத்துக்குத் திராட்சைச் சக்கையோடு இரண்டு பேரீச்சம்பழம் சேர்த்துக்கொள்ளலாம். பூவின் கள்வாடை மட்டும் இதில் வராது. மந்தாரை இலைக்குப் பதில் தணலில் வாட்டிய வாழை இலை போதும்.